அலுவலகக் கணினிகளை இணைக்கும் ஸ்விட்ச்: அமைக்கும் முறையும் பேணும் முறையும்

நாஞ்சில் நாட்டு விவசாயிக்கு மடையின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1906-ஆம் ஆண்டில் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணையில் நீர் நிறைந்திருந்தாலும், புத்தன் அணையிலிருந்து பிரியும் பத்மநாபபுரம் புத்தனாறு கால்வாயில் நீர் குறைவின்றி ஓடினாலும், வயலின் தலைப்பிலுள்ள மடை சீர்கெட்டிருப்பின் கும்பப்பூப் பயிர் வாடுவது நிச்சயம். அணையையும் கால்வாயையும் சர்க்கார் கவனித்துக்கொள்ளும். மடையைக் கவனிக்க வேண்டியவர் வயலுக்குரியவரே.

இக்காலத்தில் நீரைப் போலவே கணக்குகளும் தூரத்திலிருந்து கிராமத்துக்கு ஓடி வருகின்றன. சிட்டா, ‘அ’ பதிவேடு முதலியவை இணையத்தின் வாயிலாகப் பார்க்கப்படுகின்றன. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய மந்திரி சபை 2,516 கோடி ரூபாய்த் திட்டமொன்றை ஏற்றது. ஆகவே பயிர்க்கடன் நாடி வரும் குடியானவரின் காரியம் இனிக் கணினி ஓடுவதைப் பொறுத்ததாகும்.

வேர்க்கிளம்பியிலிருந்தோ கோதநல்லூரிலிருந்தோ நடவு வேலையை விட்டுத் தக்கலைக்கு வருபவருக்கு, “லைன் இல்லை, நாளைக்கு வாருங்கள்” என்ற பதில் கிடைக்குமாயின், அவருக்கு ஒரு நாள் வேலையும் பஸ் செலவும் நஷ்டம். ஆனால் பல சமயங்களில் லைன் சரியாகவே இருக்கும். கோளாறு மேஜைக்கடியில் கிடக்கும் ஒரு சிறு பெட்டியிலோ, அதில் செருகிய கம்பியிலோ இருக்கும். அப்பெட்டிக்கு ஸ்விட்ச் என்று பெயர். விளக்குப் போடும் ஸ்விட்சுக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இதன் இயல்பைச் சங்கச் செயலாளரும், கிராம நிர்வாக அலுவலரும், சங்க நிர்வாகத்தில் பங்குகொள்ளும் நிலமுடையோரும் அறிந்திருந்தால், ஆள் வரும்வரை காத்திராமல் கால் மணி நேரத்தில் கோளாற்றின் இடத்தைக் கண்டுகொள்ளலாம்.

சாதனத்தின் அமைப்பு

ஸ்விட்ச் என்பது 5 அல்லது 8 வாய்கள் கொண்ட தகரம் அல்லது பிளாஸ்டிக் பெட்டியாகும். வாய்களைக் கடைக்காரர்கள் போர்ட் என்பர். ஒவ்வொரு வாயிலும் ஒரு கம்பி செருகப்படும். கம்பியின் மறுமுனை கணினியிலோ, அச்சு யந்திரத்திலோ, வெளி லைனைக் கொண்டுவரும் ரௌட்டரிலோ சேரும். வாய்க்கு ஒன்றாகச் சிறு விளக்குகள் உண்டு. விளக்கு எரிந்தால் கம்பியின் இரு முனைகளும் உயிரோடிருக்கின்றன என்றும், மினுக்கினால் செய்தி போய் வருகிறது என்றும் பொருள்.

ரௌட்டர் வேறு, ஸ்விட்ச் வேறு. ரௌட்டர் வெளியுலகத்தையும் அலுவலகத்தையும் இணைப்பது. ஒவ்வொரு கணினிக்கும் ஐ.பி. என்னும் இலக்கத்தைக் கொடுப்பதும் அதுவே. ஸ்விட்ச் அலுவலகத்துக்குள்ளே செய்தியைப் பங்கிடுவது மட்டுமே செய்யும். ரௌட்டரின் பின்புறத்திலுள்ள நான்கு வாய்களும் உள்ளடங்கிய ஒரு சிறு ஸ்விட்சே. ஆதலின் இரண்டு மூன்று கருவிகள் மட்டும் உள்ள அலுவலகம் தனியாக ஸ்விட்ச் வாங்க வேண்டுவதில்லை.

வேலை செய்யும் விதம்

கணினி அனுப்பும் செய்தி சிறு சிறு பொட்டலங்களாகச் செல்கிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் பெறுபவரின் விலாசமும், அடுத்து அனுப்புபவரின் விலாசமும் எழுதப்பட்டிருக்கும். இது மாக் முகவரி எனப்படும். 12 எழுத்தெண்களால் ஆன இம்முகவரி கருவி செய்யப்படும்போதே அதில் பதிக்கப்படுகிறது.

செயலாளரின் கணினி 2-ஆம் வாயிலும் அச்சு யந்திரம் 5-ஆம் வாயிலும் இருப்பதாகக் கொள்வோம். கணினி முதற்பொட்டலத்தை அனுப்பியதும், ஸ்விட்ச் அனுப்பியவரின் விலாசத்தைப் படித்து, “இவர் 2-ஆம் வாயில் இருக்கிறார்” என்று தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளும். அச்சு யந்திரம் எங்கேயென்று அதற்கு இன்னும் தெரியாது. ஆகையால் பொட்டலம் வந்த வாயை விட்டு மற்றெல்லா வாய்களுக்கும் அதன் பிரதிகளை அனுப்பும். உரியதல்லாதவை பேசாதிருக்கும், அச்சு யந்திரம் மட்டும் பதிலளிக்கும். அப்பதில் வந்த வாயைக் கண்டு, அச்சு யந்திரம் 5-ஆம் வாயில் உள்ளதென்று ஸ்விட்ச் அறிந்துகொள்ளும். அதன்பின் அவ்விரண்டுக்கும் உரிய பொட்டலங்கள் அவ்விரு வாய்களிலேயே செல்லும். மற்ற வாய்கள் தத்தம் வேலைக்கு ஒழிந்திருக்கும்.

ஒரு கருவி வெகுநேரம் மௌனமாயிருந்தால் அதன் பெயர் குறிப்பேட்டிலிருந்து அழிக்கப்படும். பெரும்பாலும் இத்தவணை 300 விநாடி, அதாவது 5 நிமிஷம். ஆதலால் கம்பியை ஒரு வாயிலிருந்து மற்றொரு வாய்க்கு மாற்றுவதால் தீங்கில்லை. கருவி மறுபடி பேசியவுடன் புது இடம் பதிவாகிவிடும். எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

முற்காலத்தில் இவ்விடத்தில் ஹப் என்னும் பெட்டி இருந்தது. அது ஒரு வாயில் வந்ததை எப்போதும் எல்லா வாய்க்கும் பாய்ச்சியது. இருவர் ஒரே சமயத்தில் பேசினால் இரு செய்திகளும் மோதிக் கெட்டன. ஈதர்நெட் என்னும் இம்முறையை 1973-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ராபர்ட் மெட்காஃப் வகுத்தார். வாய்தோறும் பிரித்தனுப்பும் ஸ்விட்ச் 1990-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. 7 வாய்கள் கொண்ட அதனைச் செய்த கம்பெனியின் பெயர் ‘கல்பனா’ என்பது நம்மவர்க்கு ருசிகரமான விஷயம். 1994-இல் அக்கம்பெனியைச் சிஸ்கோ கம்பெனி வாங்கிற்று.

அமைக்கும் முறை

1. கணக்கிடுதல்: மூன்று கணினி, ஓர் அச்சு யந்திரம், ரௌட்டரிலிருந்து வரும் கம்பி ஒன்று, ஆக ஐந்து வாய்கள் வேண்டும். ஐந்து வாய்ப் பெட்டி போதுமாயினும், எட்டு வாய்ப் பெட்டி வாங்குவதே உசிதம். ஒரு வாய் பழுதானால் மாற்று வாய் கையிலிருக்கும்.

2. இடம்: தரையில் வைத்தலாகாது. ஈரமும் எறும்பும் அணுகாதவாறு, காற்றோட்டமுள்ள சுவர்ப் பலகையில், பொதுமக்கள் கைக்கெட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். கணினிகளுக்குள்ள யு.பி.எஸ். மின்சாரத்தையே ரௌட்டருக்கும் ஸ்விட்சுக்கும் கொடுப்பது அவசியம். கணினி மட்டும் எரிந்து ஸ்விட்ச் அணைந்திருப்பின் பயனில்லை.

3. கம்பி: செம்பாலான ‘காட் 5 இ’ அல்லது ‘காட் 6’ கம்பியை வாங்குக. செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி மலிவென்று வாங்கினால் பின்னர் துன்பம் தரும். ஒரு கம்பியின் நீளம் 100 மீட்டருக்கு மேற்படலாகாது.

4. முனை பூட்டுதல்: கம்பிக்குள் முறுக்கிய நான்கு ஜோடி, ஆக எட்டு இழைகள் உண்டு. இரு முனைகளிலும் ஒரே வரிசையாக வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்று அடுக்கி ஆர்.ஜே. 45 முனையில் பூட்டுக. முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரித்தல் தவறு. பூட்டியபின் டெஸ்டர் கருவியால் எட்டு இழைகளையும் சோதிக்க வேண்டும். விநாடிக்கு 1,000 மெகாபிட் வேகத்துக்கு எட்டு இழைகளும் வேண்டும். ஓரிழை அறுந்தால் வேகம் 100-க்கு இறங்கலாம், அல்லது இணைப்பே அற்றுப்போகலாம்.

5. பெயர்ச்சீட்டு: ஒவ்வொரு கம்பியின் இரு முனைகளிலும் அது எங்கிருந்து எங்கே செல்கிறது என்று எழுதிய சீட்டை ஒட்டுக. இதற்குச் செலவில்லை; கோளாறு வரும் நாளில் இதுவே பேருதவி.

ஸ்விட்ச் பெரிதானால் வெளி லைனின் வேகம் கூடுமென்று எண்ணுதல் பிழை. கால்வாயில் வரும் நீர் எவ்வளவோ அவ்வளவே. மடையை அகலமாக்குவதால் நீர் பெருகாது. அலுவலகத்துக்குள்ளே கணினிகள் ஒன்றோடொன்று கொடுத்து வாங்கும் வேகமே கூடும்.

வளையத்தால் வரும் கேடு

ஒரே கம்பியின் இரு முனைகளையும் ஒரே ஸ்விட்சில் செருகிவிடுவது சிறு அலுவலகங்களில் நேரிடக்கூடிய பெரும் பிழை. தரையைக் கூட்டும்போது கழன்று கிடந்த முனையை, நல்லெண்ணத்தோடு எவரேனும் காலி வாயில் செருகிவிடுவர். எல்லாருக்கும் உரிய பொட்டலம் ஒன்று வந்ததும், அது ஒரு வாய் வழியே வெளியேறி மறு வாய் வழியே திரும்பி வரும்; மீண்டும் வெளியேறும். இப்பொட்டலத்துக்கு ஆயுள் வரம்பு கிடையாது. இறைத்த நீர் மீண்டும் கிணற்றிலேயே விழ, ஏற்றம் ஓயாமல் இறைத்துக்கொண்டிருப்பது போன்றது இது. பயிருக்கு ஒரு சொட்டும் சேராது. கணப்பொழுதில் எல்லா வாய்களும் நிறைந்து அலுவலகம் முழுதும் நின்றுவிடும்.

இத்தகைய வளையத்தைத் தானே கண்டு அடைக்கும் முறையை 1985-இல் ராடியா பெர்ல்மன் என்ற அமெரிக்க மாது வகுத்தளித்தார். ஆயினும் விலை மலிந்த சிறு ஸ்விட்சுகள் பலவற்றில் அவ்வசதி இருப்பதில்லை. எல்லா விளக்குகளும் ஒருசேர ஓயாது துடிதுடிக்க, எந்தக் கணினியும் ஓடாதிருந்தால் வளையமென்று சந்தேகிக்கலாம். கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுக. எதைக் கழற்றியதும் துடிப்பு அடங்குகிறதோ அதுவே குற்றவாளி.

இதற்கு அடுத்த பிழை, கைபேசிக்கு வைஃபை வேண்டுமென்று இரண்டாவது ரௌட்டரை ஸ்விட்சில் மாட்டுதல். இரண்டும் இலக்கம் கொடுக்கத் தொடங்கும். ஓர் ஏலாவுக்கு இரண்டு பேர் முறை வைத்தால் விளையும் குழப்பமே இங்கும் விளையும். சில கணினிகள் ஓடும், சில ஓடா. மேலதிகாரியின் அனுமதியின்றி எக்கருவியையும் சேர்க்கலாகாது.

கோளாறு காணும் வரிசை

முதலாவது, ஸ்விட்சின் மின்விளக்கு எரிகிறதா என்று நோக்குக. எரியாவிடில் மின்சாரம் அல்லது அடாப்டர் பழுது.

இரண்டாவது, நின்றுபோன கணினியின் வாய் விளக்கைப் பார்க்க. அணைந்திருந்தால் முனையை அழுத்திச் செருகுக. பின் வேறு வாயில் மாற்றுக. அதன்பின் நல்ல கம்பியொன்றை மாற்றிப் பார்க்க. ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்ற வேண்டும்.

மூன்றாவது, விளக்கு எரிந்தும் வேலை நடவாவிடில் கணினியின் ஐ.பி. இலக்கத்தைப் பார்க்க. அது 169.254 என்று தொடங்கினால் ரௌட்டரிடமிருந்து இலக்கம் கிடைக்கவில்லை என்று பொருள். ரௌட்டரையும் அதற்குச் செல்லும் கம்பியையும் சோதிக்க.

நான்காவது, வலையில் இணைந்த அச்சு யந்திரத்தில் ஒரு தாள் அச்சிட்டுப் பார்க்க. அச்சு வந்து, இணையம் மட்டும் வராவிடில் ஸ்விட்சில் குற்றமில்லை. கோளாறு ரௌட்டரிலோ வெளி லைனிலோ உள்ளது. அப்போதுதான் லைன்காரருக்குத் தெரிவிப்பது முறை.

இடியும் மழையும்

இம்மாவட்டம் இரு பருவமழையும் பெறுவது. ஐப்பசி மாதத்து மாலை இடிக்குக் கணினிக் கம்பிகள் தப்புவது அரிது. அலுவலகத்திலிருந்து உரக்கிடங்கு முதலிய வேறு கட்டடத்துக்குச் செம்புக் கம்பியை வெளியில் கட்டிச் செல்லுதல் கூடாது; மின்னலின் வேகம் அதன்வழிப் புகுந்து இரு பக்கத்துக் கருவிகளையும் கருக்கிவிடும். கட்டடத்துக்குக் கட்டடம் உலோகமற்ற கண்ணாடி இழைக் கம்பியே தக்கது. அதில் மின்சாரம் பாயாது. மழைக்காலத்தில் மாலை அலுவலகம் அடைக்கும்போதே மின்சாரச் செருகிகளையும் வெளியிலிருந்து வரும் செம்புக் கம்பியையும் கழற்றிவிடுதல் நல்ல வழக்கம். இடி முழங்கத் தொடங்கியபின் கம்பியைத் தொடலாகாது.

செலவும் பயனும்

எட்டு வாய்ச் ஸ்விட்ச் ஒன்றின் விலை பெரும்பாலும் இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கும். சோதித்த கம்பிகள் இரண்டையும் உபரி அடாப்டர் ஒன்றையும் பீரோவில் வைத்திருத்தல் வேண்டும். மேலே கூறிய நான்கு சோதனைகளையும் ஒரு தாளில் எழுதி ஸ்விட்சின் அருகே ஒட்டிவைத்தால், செயலாளர் விடுமுறையில் இருக்கும் நாளிலும் எழுத்தர் பார்த்துக்கொள்வார்.

மடையில் அடைத்த குப்பையை அகற்ற எவரும் பொதுப்பணித் துறைக்கு மனுப்போடுவதில்லை. மண்வெட்டியோடு தாமே செல்வர். அதே கருத்தை இச்சிறு பெட்டியினிடத்தும் செலுத்தினால், தூரத்துக் கிராமத்திலிருந்து வந்த குடியானவர் வெறுங்கையோடு திரும்ப நேராது.