கம்ப்யூட்டரில் இரைச்சல் இல்லாத குரல் பதிவு: நீங்களே செய்யலாம் மைக் பிரீஆம்ப்

கம்ப்யூட்டர் வாங்கியதும் பலரும் ஆசையாகச் செய்து பார்ப்பது, மைக்கை மாட்டித் தங்கள் குரலைப் பதிவு செய்து கேட்பது. கேட்டதும் ஏமாற்றம்தான். குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல் இருக்கும். கூடவே 'உஸ்' என்று ஓர் இரைச்சல். விளையாட்டுக்குப் பேசிப் பார்த்தால் பரவாயில்லை. வயதான பாட்டி பாடும் தாலாட்டைப் பதிவு செய்ய உட்கார்ந்தால்? அவரை இன்னொரு முறை பாடச் சொல்லும் வாய்ப்பு கிடைக்காமலே போகலாம். பிறகு சாஃப்ட்வேரில் சரிசெய்து கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கும் நானே சொல்கிறேன்: இரைச்சல் அதிகமாக இருந்தால், அதை நீக்கும்போது குரலும் சேர்ந்து சிதையும்; தண்ணீருக்குள் பேசுவது போல் ஆகிவிடும்.

இரைச்சல் எங்கிருந்து வருகிறது? மைக் தரும் சிக்னல் சில மில்லி வோல்ட் மட்டுமே. அது மதர்போர்டுக்குள் நுழைந்த பிறகுதான் பெரிதாக்கப்படுகிறது. அங்கே பிராசஸர், மெமரி, பவர் சப்ளை எல்லாம் எழுப்பும் மின் இரைச்சல் நிறைந்திருக்கும். 'மைக் பூஸ்ட்' 20 டெசிபல் என்று வைத்தால் குரலும் 10 மடங்கு, இரைச்சலும் 10 மடங்கு. எனவே சிக்னலை வெளியிலேயே, மைக்குக்குப் பக்கத்திலேயே பெரிதாக்கி, கேபினட்டின் பின்னால் உள்ள நீல நிற 'லைன் இன்' துளையில் கொடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வதுதான் பிரீஆம்ப்.

பொருட்கள் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உங்கள் ஊர் எலெக்ட்ரானிக்ஸ் உதிரி பாகக் கடையிலோ கிடைக்கும். ஒரு கண்டென்சர் மைக் (சட்டைப் பொத்தான் அளவு இருக்கும்), பிசி 547பி டிரான்சிஸ்டர், 10 கிலோ ஓம் (பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு), 4.7 கிலோ ஓம் (மஞ்சள், ஊதா, சிவப்பு), 1 மெகா ஓம் (பழுப்பு, கறுப்பு, பச்சை), 100 ஓம் (பழுப்பு, கறுப்பு, பழுப்பு) ரெசிஸ்டர்கள், 1, 10, 100 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர்கள் (16 வோல்ட் போதும்), 9 வோல்ட் பாட்டரி, அதற்கான கிளிப், ஸ்விட்ச், ஷீல்டு ஒயர், 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின், புள்ளி போர்டு. கடைக்காரர் அடாப்டர் வாங்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடாப்டரில் வீட்டு மின்சாரத்தின் 'ம்ம்ம்' ஓசை கலந்து வரும்; பாட்டரியில் வராது. இந்தச் சர்க்யூட் 2 மில்லி ஆம்பியருக்குள்தான் எடுக்கும் என்பதால் ஓர் அல்கலைன் பாட்டரி நூறு மணி நேரத்துக்கு மேல் வரும்.

இனி இணைப்பு. டிரான்சிஸ்டரின் தட்டையான பக்கம் உங்களைப் பார்த்தும் கால்கள் கீழேயும் இருந்தால், இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். கண்டென்சர் மைக்கின் இரு முனைகளில் உலோக உறையோடு ஒட்டியிருப்பது கிரவுண்ட். அது பாட்டரியின் மைனஸுக்கு. மற்ற முனைக்குப் பாட்டரியின் பிளஸ்ஸிலிருந்து 10 கிலோ ஓம். அதே முனையில் 1 மைக்ரோ ஃபாரட்டின் பிளஸ் காலைச் சேர்த்து, மைனஸ் காலைப் பேஸில் கொடுங்கள். பிளஸ்ஸிலிருந்து கலெக்டருக்கு 4.7 கிலோ ஓம். எமிட்டரிலிருந்து மைனஸுக்கு 100 ஓம். கலெக்டருக்கும் பேஸுக்கும் நடுவே 1 மெகா ஓம். கலெக்டரில் 10 மைக்ரோ ஃபாரட்டின் பிளஸ் கால். அதன் மைனஸ் கால்தான் அவுட்புட். பாட்டரியின் பிளஸ், மைனஸுக்குக் குறுக்கே 100 மைக்ரோ ஃபாரட். ஸ்விட்ச் பாட்டரியின் பிளஸ் ஒயரில் வரட்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த 1 மெகா ஓம். ஒரே நம்பர் போட்ட டிரான்சிஸ்டர்களே ஒன்றுக்கொன்று வேறுபடும். கரன்ட் கூடினால் கலெக்டர் வோல்ட்டேஜ் இறங்கும். அதனால் பேஸுக்குப் போகும் கரன்ட்டும் தானாகக் குறையும். அட்ஜஸ்ட் செய்ய எதுவுமே இல்லை. சிக்னல் ஏறக்குறைய 20 மடங்கு பெரிதாகும்; லைன் இன்னுக்கு இது போதும்.

கம்ப்யூட்டரில் செருகும் முன் மல்ட்டிமீட்டரால் கலெக்டரைப் பாருங்கள். மைனஸிலிருந்து 3 முதல் 6 வோல்ட் வரை இருந்தால் சரி. 9 வோல்ட் காட்டினால் பேஸ் இணைப்பு விட்டுப் போயிருக்கும். ஒரு வோல்ட்டுக்கும் கீழே என்றால், 1 மெகா ஓமின் முனை கலெக்டருக்குப் பதில் பிளஸ்ஸில் போயிருக்கலாம்.

ஸ்டீரியோ பின்னின் நுனி, நடு வளையம் இரண்டிலும் அவுட்புட்டைக் கொடுங்கள். இரு ஸ்பீக்கரிலும் குரல் வரும். ஷீல்டு ஒயரின் வலையைப் பின்னின் அடிப்பகுதிக்கும் போர்டின் மைனஸுக்கும் இணையுங்கள். முழுவதையும் ஒரு தகர டப்பாவுக்குள் வைத்து, டப்பாவையும் மைனஸோடு சேர்த்துவிடுங்கள். டப்பா இல்லாவிட்டால் பக்கத்தில் செல்போன் வரும்போது 'டிர்ர்' என்று இழுக்கும்.

லேப்டாப் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். பெரும்பாலான லேப்டாப்களில் லைன் இன் இல்லை; இருக்கும் ஒற்றைத் துளை ஹெட்செட்டுக்கானது. அதில் இதைச் செருகாதீர்கள். லைன் இன் உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு வேண்டும்.

ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பின்னைச் செருகுங்கள். விண்டோஸில் கண்ட்ரோல் பேனல், சவுண்ட், ரெக்கார்டிங் என்று போய் 'லைன் இன்'னைத் தேர்வு செய்து 'செட் டிஃபால்ட்' கிளிக் செய்யுங்கள். ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேரைத் திறந்து, மைக்கிலிருந்து ஒரு ஜாண் தள்ளி உட்கார்ந்து, வழக்கமான குரலில் பேசிப் பாருங்கள். மீட்டரில் உச்சம் மைனஸ் 12க்கும் மைனஸ் 6க்கும் இடையே நிற்கும்படி லெவலை வையுங்கள். 0 தொட்டால் குரல் உடைந்துவிடும். பிறகு அதைத் திருத்த வழியில்லை. பதிவை ஹெட்போனில் கேளுங்கள்.

இன்னும் 'உஸ்' கேட்டால், பிரீஆம்பைச் சந்தேகப்படும் முன் ஒரு சோதனை. சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு, மைக்கைக் கேபினட்டிலிருந்து ஆறேழு அடி தள்ளி வைத்து மறுபடி பதிவு செய்யுங்கள். சத்தம் குறைந்தால் அது ஃபேன் காற்று. இந்த மைக் எல்லாத் திசையிலிருந்தும் சத்தத்தை வாங்கும். பாட்டியை உட்கார வைக்கும் முன் ஜன்னலையும் சாத்திவிடுங்கள்.