வளர்கிற பிள்ளைக்கு ரேஸ் சைக்கிள்



சென்ற பொங்கல் விழாவில் என் பேரனின் கையில் மாவுக்கட்டைப் பார்த்துவிட்டு நம் சங்கத்து அன்பர்கள் பலர் அக்கறையோடு விசாரித்தார்கள். "சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டான்" என்று சொல்லி நகர்ந்துவிட்டேன். அது பாதி உண்மைதான். மீதியையும் சொல்லிவிடுவது நல்லது என்று படுகிறது. மாதாப்பூர், கொண்டாப்பூர், கச்சிபௌலி பக்கம் நம் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இப்போது ரேஸ் சைக்கிள் கேட்கிறார்கள். வெளிவட்டச் சாலையை ஒட்டி, சூரியத் தகடுகளைக் கூரையாக வேய்ந்த 23 கிலோமீட்டர் சைக்கிள் பாதையை 2023 அக்டோபரில் திறந்தார்கள். எங்கள் அபார்ட்மெண்டில் பிள்ளைகளின் பேச்சே அதன் பிறகு மாறிவிட்டது. அவர்களுக்கு வாங்கித் தரப்போகும் பெரியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் பேரனுக்கு வயது 16. பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினால் சைக்கிள் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வாங்கினான். குறைந்த விலையில் அலுமினிய ஃபிரேம் போட்ட ரேஸ் சைக்கிள் ஒன்றை இன்டர்நெட் கடையில் அவனே தேடிப் பிடித்தான். விலை 36,000 ரூபாய். அவன் கேட்ட அளவு 52. அதே சைக்கிள் 56 அளவில் 32,000 ரூபாய்க்குத் தள்ளுபடியில் கிடந்தது.

"52 போதும் தாத்தா. 56-ல எனக்குக் கை எட்டாது" என்றான்.

"வளர்ற பிள்ளைடா நீ. அடுத்த வருஷமே சின்னதாப் போயிடும்" என்றேன் நான்.

என் மனைவி மட்டும், "என்னங்க இது, பள்ளிக்கூட யூனிபார்மா, மடிச்சுத் தைச்சுக்கிறதுக்கு?" என்று கேட்டாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாலாயிரம் ரூபாய் மிச்சமாயிற்றே!

மூன்றாவது வாரம் துர்கம் செருவு பக்கம் இறக்கத்தில் வந்துகொண்டிருந்தபோது ஓர் ஆட்டோ குறுக்கே திரும்பியது. ரேஸ் சைக்கிளில் பிரேக் பிடி ஹேண்டில்பாரின் முன்பக்கம் இருக்கும். சைக்கிள் பெரிதாக இருந்ததால் அதுவரை கை நீட்டி ஓட்ட முடியாமல், பாரின் நடுப்பகுதியைப் பிடித்தே ஓட்டிப் பழகியிருக்கிறான். பிரேக்குக்குக் கை போவதற்குள் விழுந்துவிட்டான். மணிக்கட்டு எலும்பில் விரிசல். ஆறு வாரம் கட்டு. அன்று ஆட்டோ பின்னால் ஒரு பஸ் வந்திருந்தால் என்று நினைத்தால் இன்றும் எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்து, சிகந்தராபாத் லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஓய்வு பெற்றவன். அகலப்பாதைப் பெட்டியின் இரு சக்கரங்களுக்கும் நடுவே உள்ளளவு 1600 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். ஓரிரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் பெட்டியை வெளியே விடமாட்டோம். கேஜ் வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே என்பதுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். அப்படிப்பட்டவன் பேரன் விஷயத்தில் நாலு சென்டிமீட்டரைக் கண்டுகொள்ளாமல் விட்டேன். கட்டுப் போட்ட அந்த ஆறு வாரத்தில் நானும் அவனும் உட்கார்ந்து படித்து, அளந்து, தெரிந்துகொண்டதைக் கீழே வரிசையாகத் தருகிறேன்.

1. முதலில் உடம்பை அளக்கவேண்டும்

செருப்பில்லாமல் சுவரில் சாய்ந்து நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு இடையே, சீட்டில் உட்கார்ந்தால் அழுத்துகிற அளவுக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் அதுதான் கால் அளவு. இதை 0.65 ஆல் பெருக்கினால் ஃபிரேம் அளவு உத்தேசமாகக் கிடைக்கும். 0.883 ஆல் பெருக்கினால் பெடல் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை வேண்டிய உயரம் வரும்.

என் பேரனுக்குக் கால் அளவு 78 சென்டிமீட்டர். ஃபிரேம் 50.7, அதாவது 51. சீட் உயரம் 69. அவன் கேட்ட 52 சரியாகத்தான் இருந்தது. நான் வாங்கிய 56 எந்தக் கணக்கிலும் வராது.

இது முதல் மதிப்பீடுதான். இந்தக் காலத்து ஃபிரேம்களில் மேல் குழாய் பின்பக்கம் சரிந்து வருவதால் 52 என்று போட்ட இரண்டு கம்பெனி சைக்கிள்கள் ஒரே அளவாக இருப்பதில்லை. எஸ், எம், எல் என்று போட்டிருந்தால் குழப்பம் இன்னும் அதிகம். ஆகவே கடையின் பக்கத்தில் அளவுப் பட்டியலைத் தேடி 'ரீச்', 'ஸ்டாக்' என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். பெடல் அச்சிலிருந்து ஹேண்டில்பார் குழாயின் தலை எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். முதல் முறை ரேஸ் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு ரீச் குறைந்ததும் ஸ்டாக் கூடியதும் நல்லது. முதுகும் கழுத்தும் தாங்கும். இந்தப் பட்டியலைப் போடாத கடையில் வாங்கவேண்டாம்.

சீட்டை ஏற்றி இறக்கலாம். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மைக் குட்டையாக மாற்றி ஓரிரண்டு சென்டிமீட்டர் சமாளிக்கலாம். இரண்டு அளவு பெரிதான ஃபிரேமை எதுவும் சரிசெய்யாது. வளர்கிற பிள்ளைக்கு இன்றைய அளவில் வாங்குங்கள். இரண்டு அளவுக்கு நடுவே வந்தால் சிறியதை எடுங்கள். வளர்ந்தபின் நல்ல நிலையில் விற்றுவிடலாம்.

2. அலுமினியம் என்றால் என்ன லாபம்?

அலுமினியத்தின் அடர்த்தி 2.7, எஃகுக்கு 7.85. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடை. ஆனால் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். நசுங்கிய அலுமினியக் குண்டானைப் பார்த்த நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்தக் குறையை ஈடுசெய்யத்தான் குழாயைப் பருமனாகச் செய்கிறார்கள். சுவர்த் தடிப்பு மாறாமல் குழாயின் விட்டத்தை இரட்டித்தால் விறைப்பு சுமார் எட்டு மடங்காகும். அலுமினிய சைக்கிளின் குழாய் நம் பழைய பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ் குழாயைவிடக் குண்டாக இருப்பது இதனால்தான்.

ரயில்வேயும் இப்போது இந்த வழிக்கு வந்திருக்கிறது. 2022 அக்டோபரில் புவனேஸ்வரத்தில் கொடியசைத்து விட்ட நாட்டின் முதல் அலுமினியச் சரக்கு ரயில், அதே வகை எஃகு ரயிலைவிட 180 டன் எடை குறைவு. நம் வீட்டுக் கணக்கில், அந்தக் காலத்துப் பெரிய சைக்கிள் 20 கிலோவுக்கு மேல் இருக்கும். குறைந்த விலை அலுமினிய ரேஸ் சைக்கிள் 10, 11 கிலோதான். மூன்றாவது மாடிக்குத் தூக்கிப் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஃபிரேமில் 6061 என்று போட்டிருந்தால் அது மக்னீசியமும் சிலிக்கனும் கலந்த கலவை. அதைச் சூடேற்றி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி மிதமான சூட்டில் வைத்துப் பதப்படுத்தினால்தான் பலம் வரும். வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடும். ஆகவே விரிசல் விட்ட அலுமினிய ஃபிரேமைத் தெருமுனை வெல்டிங் பட்டறையில் ஒட்டவைத்து ஓட்டவே கூடாது. எஃகுக்கு அது சரி, இதற்குச் சரியில்லை.

இன்னொன்று. எஃகுக்கு ஓர் எல்லை உண்டு, அதற்குக் கீழான அழுத்தத்தை எத்தனை லட்சம் முறை கொடுத்தாலும் களைப்படையாது. அலுமினியத்துக்கு அப்படிப்பட்ட எல்லை இல்லை. எனவே மாதம் ஒருமுறை துடைத்து, ஹேண்டில்பார் குழாயோடு கீழ்க்குழாய் சேரும் இடத்தையும் பெடல் அச்சுக் கூட்டின் அடிப்பாகத்தையும் வெளிச்சத்தில் பாருங்கள். பெயிண்டில் மயிரிழை போலக் கோடு தெரிந்தால் ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள்.

குறைந்த விலையில் முன் ஃபோர்க் பெரும்பாலும் எஃகில் வரும். கொஞ்சம் எடை கூடும், அவ்வளவுதான். அதற்காக ஒதுக்கவேண்டாம்.

3. கியர் எண்ணிக்கையில் மயங்கவேண்டாம்

"21 கியர்" என்று பெரிய எழுத்தில் போடுவார்கள். முன்னால் 3 பல்சக்கரம், பின்னால் 7 என்று பெருக்கிய கணக்கு அது. அதில் பாதி ஒன்றுக்கொன்று சமம். முன்னால் 2, பின்னால் 7 அல்லது 8 இருந்தால் போதும். பார்க்கவேண்டியது மிகச் சிறிய கியர். முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால் பெடலை ஒரு சுற்று மிதிக்கும்போது சைக்கிள் சுமார் 2.6 மீட்டர் நகரும். 44-க்கு 18 போட்ட நம் பழைய சைக்கிளில் அது சுமார் 5.4 மீட்டர். பாறையும் மேடுமான மாதாப்பூரில் பாதி உழைப்பில் ஏறலாம் என்று பொருள்.

பின் பல்சக்கரம் மரையில் திருகிய ஃப்ரீவீலா, நழுவவிட்டுப் பூட்டும் கேசட்டா என்றும் கேளுங்கள். ஃப்ரீவீலில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சின் முனை அந்தரத்தில் நிற்கும். கனமானவர் ஓட்டினால் வளையலாம். ஐம்பது கிலோ பையனுக்கு ஃப்ரீவீல் தாங்கும், எழுபது எண்பது கிலோ உள்ளவர் கேசட்டுக்குப் போவது நல்லது.

4. பிரேக்கும் டயரும்

ஹேண்டில்பாரின் வளைந்த கீழ்ப்பகுதியைப் பிடித்தபடி விரல் பிரேக் பிடியை எட்டவேண்டும். சிறு கையாக இருந்தால் பிடியை உள்ளே தள்ளி வைக்கும் திருகு இருக்கிறதா என்று விசாரியுங்கள். இதை ஒன்றைப் பார்த்திருந்தால் என் பேரனுக்குக் கட்டுப் போட வேண்டி வந்திருக்காது.

டயர் 23 மில்லிமீட்டர் என்றால் நம் சாலைக் குழிகளுக்கு மெலிசு. 28 போட்டிருக்கவேண்டும், 32 நுழைய இடம் இருந்தால் இன்னும் நல்லது. டியூப் வால்வு மெல்லியதாக இருந்தால் பங்க்சர் கடைப் பம்பு பொருந்தாது. ஒரு சிறு பித்தளை அடாப்டரைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

5. பெட்டி வந்தபின்

இன்டர்நெட் கடை சைக்கிள் பாதி பூட்டிய நிலையில்தான் அட்டைப் பெட்டியில் வரும். பிரிக்கும்போதே படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பி எடுக்கும் கெடு எத்தனை நாள், பூட்டி ஓட்டியதைத் திருப்பி எடுப்பார்களா என்பதைப் பணம் கட்டும் முன்பே படியுங்கள். நான் படிக்கவில்லை. ஓட்டிய சைக்கிளைத் திருப்பி எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். அது அவர்கள் முன்பே எழுதி வைத்த விதிதான்.

பெட்டியில் அடைப்பதற்காக ஃபோர்க்கைப் பின்பக்கம் திருப்பி வைத்திருப்பார்கள். சிலர் அப்படியே பூட்டிவிடுகிறார்கள். ஃபோர்க்கின் வளைவு முன்னோக்கி இருக்கவேண்டும். ரிம் பிரேக் வைத்த சைக்கிளில் முன் பிரேக்கும் முன்பக்கம் பார்க்கவேண்டும். இடது பெடலின் மரை இடக்கை மரை, அதை எதிர்ப்பக்கம் திருகினால்தான் இறுகும். முன் சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருப்பிப் பாருங்கள். நழுவினால் ஸ்டெம் போல்ட் போதவில்லை. ஆனால் கண்மூடித்தனமாக இறுக்கினாலும் அலுமினிய மரை போய்விடும். போல்ட் பக்கத்தில் எழுதியிருக்கும் நியூட்டன் மீட்டர் அளவுக்கு, டார்க் ரெஞ்ச் உள்ள கடையில் இறுக்கச் சொல்லுங்கள். கூலி கொடுத்தாலும் பரவாயில்லை.

6. விலையில் சேராத விலை

ரேஸ் சைக்கிளுக்கு ஸ்டாண்டு, மட்கார்டு, கேரியர் கிடையாது. பல சமயம் பெல்லும் விளக்கும்கூட இராது. ஹெல்மெட், முன் பின் விளக்கு, பெல், பூட்டு, பம்பு, உபரி டியூப், பூட்டும் கூலி எல்லாம் சேர்ந்து எங்களுக்கு 5,800 ரூபாய் ஆயிற்று. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். கையில் 35,000 இருந்தால் 29,000 ரூபாய் சைக்கிளைப் பாருங்கள். ஹெல்மெட் காசை மிச்சம் பிடித்துப் பெரிய சைக்கிள் வாங்காதீர்கள்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த 56-ஐ எதிர் பிளாக்கில் ஆறடி உயர இளைஞர் ஒருவர் 18,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார். நாலாயிரம் மிச்சம் பிடிக்கப்போய் பதினாலாயிரம் நஷ்டம். ஆஸ்பத்திரிச் செலவு தனி. கட்டுப் பிரித்தபின் டேப்பை அவன் கையில் கொடுத்து, "நீயே அளந்து சொல்லு" என்றேன். எல்லாம் பார்த்து 51 அளவில் ஒன்றை 29,500-க்குத் தேர்ந்தெடுத்தான். பணம் கட்டும் முன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "உன் கணக்கு சரிதான்டா. அன்னைக்கும் சரியாத்தான் சொன்னே" என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஆறு வாரம் ஆகியிருக்கிறது.

இப்போது ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவன் அந்தப் பாதைக்குக் கிளம்பும் முன் நான் முன் சக்கரத்தை முழங்காலில் இடுக்கிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன். கேலி செய்கிறான், ஆனாலும் நின்று கொடுக்கிறான்.

சைக்கிள் வாங்க நினைக்கும் அன்பர்கள் மாதாந்திரக் கூட்டத்துக்குப் பிள்ளையையும் அழைத்து வாருங்கள். ஒரு டேப்பும் கெட்டி அட்டைப் புத்தகமும் என் பையில் இருக்கும். அளந்து கொடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.