உலாவியின் கருவிப்பட்டைகளும் திரையின் இடமும்

2012-ஆம் ஆண்டில் ஒரு நாள் எமது நூல்நிலையத்துப் படிப்பறையில் மாணவர் ஒருவர் எம்மை அணுகி, "ஐயா, இப்பொறியின் திரை பாதியே வேலை செய்கின்றது, பழுது பார்ப்பவரை அழைக்கவேண்டும்" என்றார். சென்று நோக்கினோம். திரையில் யாதொரு பழுதும் இல்லை. அவர் படிக்க விரும்பிய கட்டுரை திரையின் அடியில் ஏழெட்டு வரியளவே தென்பட்டது. அதன் மேலெல்லாம் பட்டையின்மேற் பட்டையாக உலாவியின் உறுப்புக்களே அடுக்கி நின்றன. தலைப்புப்பட்டை ஒன்று, கோப்பு முதலிய கட்டளைகளைக் காட்டும் பட்டியற்பட்டை ஒன்று, முகவரிப்பட்டை ஒன்று, புத்தகக்குறிப்பட்டை ஒன்று. இவற்றின்கீழ், யாரும் வேண்டி அழைத்திராத வேற்றுக் கருவிப்பட்டைகள் மூன்று. அடுத்த வாரம் தேர்வு எழுதவேண்டிய அம்மாணவர் ஒரு பத்தியைப் படித்து முடிப்பதற்குள் மும்முறை பக்கத்தை உருட்டி, விட்ட வரியைத் தேடித் தடுமாறிக்கொண்டிருந்தார். அன்று கால்மணி நேரத்தில் அவருக்குச் செய்துகொடுத்ததையும், பின்னர் யாம் கற்ற சிலவற்றையும், இன்றைய உலாவிகட்கு ஏற்றவாறு திருத்தி ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

உலாவி என்பது இணையப் பக்கங்களைத் திரையிற் கொணர்ந்து காட்டும் மென்பொருள். அதன் சாளரத்தின் மேற்புறத்தில், முன்செல்லல், பின்செல்லல், புதுப்பித்தல் முதலியவற்றுக்குரிய பொத்தான்களைத் தாங்கி நிற்பது கருவிப்பட்டை. இது இடத்தை அடைத்துக்கொள்கின்றது என்னும் குறை நேற்றுத் தோன்றியதன்று. 1994-ஆம் ஆண்டில் வெளிவந்த நெட்ஸ்கேப் நாவிகேட்டர் என்னும் உலாவியில், படமும் சொல்லும் பொறித்த பெரும் பொத்தான்கள் ஒரு வரிசையாகவும், முகவரி ஒரு வரிசையாகவும், இணையத்திற் புதியனவற்றிற்கு வழிகாட்டும் பொத்தான்கள் மற்றொரு வரிசையாகவும் நின்றன. அக்காலத்துத் திரைகள் பல 640 ஒளிப்புள்ளி அகலமும் 480 ஒளிப்புள்ளி உயரமுமே உடையன. ஆதலின் அவ்வுலாவியை இயற்றினோரே அவ்வரிசைகளைத் தனித்தனியே மறைத்துக்கொள்ளும் வழியையும் வைத்திருந்தனர்.

பின்னாளில் திரைகள் பெரியனவாயினவே, குறை தீர்ந்திருத்தல் வேண்டுமன்றோ எனின், அவை வளர்ந்த திசையை நோக்குதல் வேண்டும். மேசைகளில் நெடுங்காலம் விளங்கிய பழைய வடிவத் திரைகளுள் பெருவழக்காயிருந்த ஒன்று 1024 அகலமும் 768 உயரமும் கொண்டது. பின்னர் மடிக்கணினிகளில் மிகப் பரவிய திரையோ 1366 அகலமும் 768 உயரமும் கொண்டது. அகலத்தில் 342 புள்ளி கூடிற்று. உயரத்தில் ஒரு புள்ளியும் கூடவில்லை. படித்தற்குரிய பக்கமோ மேலிருந்து கீழாக நீள்வது. நம் முன்னோர் கையாண்ட பனையோலையும் அகலம் மிக்கு உயரம் குன்றியதே. ஆயினும் ஏடெழுதினோர் அச்சிறு உயரத்தை வரிகளுக்கே அளித்தனர். உலாவியோ, மிகுந்துள்ள அகலத்தை விடுத்து, குறைந்துள்ள உயரத்தினின்றே தன் பங்கை முதற்கண் எடுத்துக்கொள்கின்றது. விண்டோஸ் 10-இன் அடிப்பட்டையும் இயல்பான அளவில் 40 புள்ளி கொள்ளும். தமிழ் படிப்பார்க்கு இவ்விழப்பு இன்னும் மிகுதி. 'கீ' என்பதன் சுழி மேலெழும். 'கூ' என்பதன் வால் கீழிறங்கும். இவை ஒன்றையொன்று தாக்காதிருக்க வரிகளிடையே வெளி மிகுதியாய் விடல் வேண்டும். ஆகவே ஆங்கிலம் பத்து வரி கொள்ளும் இடத்தில் தமிழ் அத்துணை வரி கொள்வதரிது.

நிற்க. அம்மூன்று வேற்றுப் பட்டைகளின் வரலாற்றையும் சிறிது கூறல் வேண்டும். தொடக்கத்தில் அவை உண்மையாகவே உதவின. கூகுள் நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் தன் கருவிப்பட்டையை வெளியிட்டபோது, பெருவழக்கிலிருந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் பட்டையில் நிலையானதொரு தேடற்பெட்டி இல்லை. தாமே குதித்தெழும் விளம்பரச் சாளரங்களைத் தடுக்கும் ஆற்றலும் அதற்கு அந்நாளில் இல்லை. கருவிப்பட்டை முதலதை உடனேயும் இரண்டாவதைச் சில ஆண்டுகளிலும் அளித்தது. பின்னர் உலாவிகளே இவ்வாற்றல்களைப் பெற்றுவிட்டன, பட்டைகளோ ஒழியவில்லை. இலவச மென்பொருள் ஒன்றை நிறுவுங்கால், முன்னரே குறியிடப்பட்ட சிறு கட்டமொன்றன் வழியாக அவை கூடவே நுழைந்தன. விரைவில் "ஆம், ஆம்" என அழுத்திச் செல்வோர் அதனைக் கண்டிலர். அவற்றுள் பல இடத்தை மட்டுமா கவர்ந்தன? முகப்புப் பக்கத்தையும் தேடற்பொறியையும் தம் விருப்பப்படி மாற்றியும் வைத்தன. விருந்தினர் வீட்டுக்காரரின் திறவுகோலை வாங்கிக்கொண்டாற்போன்ற செயல் இஃது. இன்று இவ்விடர் பெரிதும் நீங்கிற்று. 2017-ஆம் ஆண்டு நவம்பரில் வந்த பயர்பாக்ஸ் 57-ஆம் பதிப்பு பழைய வகைத் துணைநிரல்களை நீக்கிவிட்டது; புதிய வகையின, பொத்தானொன்றைச் சேர்க்கலாமேயன்றித் தனிப்பட்டை ஒன்றை விரிக்க இயலா. இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் 2022 ஜூன் மாதத்தில் ஓய்வுற்றது.

இனி எஞ்சியிருப்பன உலாவியின் சொந்தப் பட்டைகளே. யாம் நாடோறும் கையாளும் பயர்பாக்ஸ் உலாவியையே எடுத்துக்கொள்வோம். கருவிப்பட்டையின் வெற்றிடத்திற் சுட்டியின் வலப்பொத்தானை அழுத்தின், பட்டையை விருப்பப்படி அமைத்தற்குரிய கட்டளையொன்று தோன்றும். அதனைத் தெரிந்தெடுத்தவுடன், பட்டையிலுள்ள பொத்தான்களைப் பற்றியிழுத்து வெளியே வைக்கவும், வெளியிலுள்ளனவற்றை உள்ளே கொணரவும் கூடும். எதனை வைப்பது, எதனை நீக்குவது? யாம் கொண்ட முறை எளியது. ஒரு வாரம் கையாண்டு, அவ்வாரத்தில் ஒருகாலும் தொடாத பொத்தான்களை நீக்கினோம். சிலபோது மட்டும் வேண்டப்படுவனவற்றை, பட்டையின் ஓரத்தில் இரட்டை அம்புக்குறியாற் காட்டப்படும் மறைவறையில் இட்டோம். முகவரிப்பெட்டியின் இருமருங்கிலும் உள்ள வெற்றிடங்களையும் அகற்றினோம். தனியே நின்ற தேடற்பெட்டியையும், முகவரிப்பெட்டியிலேயே தேடலாமாதலின், எடுத்துவிட்டோம்.

ஆயின் இவையெல்லாம் அகலத்தையே மீட்டன என்பதை ஒளியாது கூறுகின்றோம். உயரம் வேண்டுவார் முழு வரிசைகளையே குறைத்தல் வேண்டும். அவ்வமைப்புப் பக்கத்தின் அடியில் தலைப்புப்பட்டைக்குரிய கட்டமொன்றுண்டு; அதன் குறியை நீக்கின் ஒரு வரிசை போம். பட்டியற்பட்டை காட்டப்பட்டிருப்பின் அதனையும் மறைத்துவிடலாம். ஆல்ட் விசையை அழுத்தியவுடன் அது தோன்றிப் பணி முடிந்ததும் மறையும். புத்தகக்குறிப்பட்டையை எப்பொழுதும் காட்டுதல், ஒருபொழுதும் காட்டாமை, புதிய பக்கம் திறக்கும்போது மட்டும் காட்டுதல் என மூவகையாய் வைக்கலாம். மூன்றாவதே எமக்கு உகந்தது. ஓரிடம் செல்ல எண்ணும்போது வழிகாட்டி வேண்டும், சென்று அமர்ந்து படிக்கும்போது வேண்டுவதின்று. கண்ட்ரோல், ஷிப்ட், பி என்னும் மூன்று விசைகளை ஒருங்கே அழுத்தியும் அதனை வருவிக்கலாம், மறைக்கலாம். பட்டையை விடாது வைத்திருக்க விரும்புவோர் குறிகளின் பெயரை அழித்துவிடுவாராயின் சிறு படங்கள் மட்டுமே நிற்கும். பத்துக் குறி நின்ற இடத்தில் முப்பது நிற்கும். எஞ்சிய வரிசைகளின் பருமனையுங் குறைக்கலாம். அதற்குரிய செறிவமைப்பை 2021-இல் வந்த 89-ஆம் பதிப்பு கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்துவைத்துவிட்டது. சிறு திரையுடையார்க்கு இஃது ஓர் அநீதியென்றே கருதுகின்றோம். முகவரிப்பெட்டியில் 'அபௌட்:கான்ஃபிக்' என ஆங்கில எழுத்துக்களாற் பொறித்து, 'பிரௌசர்.காம்பாக்ட்மோட்.ஷோ' என்னும் பெயரைத் தேடி அதனை 'ட்ரூ' என மாற்றின், அமைப்புப் பக்கத்தில் அது மீண்டும் தோன்றும்.

எல்லாவற்றினும் நேரிய வழி வேறொன்று. திறந்துள்ள பக்கங்களின் பெயரைத் தாங்கும் கீற்றுக்கள், டேப் என வழங்குபவை, பன்னெடுநாளாய் மேலேயே கிடந்தன. அவற்றை மிகுந்துள்ள அகலத்தின் பக்கம் தள்ளிவிட்டால் ஒரு வரிசை உயரம் முழுதும் மிச்சமன்றோ? விவால்டி உலாவி 2016-இல் தன் முதற்பதிப்பிலேயே இதற்கு இடந்தந்தது. மைக்ரோசாப்ட் எட்ஜ் 2021-இல் தந்தது. பயர்பாக்ஸ் 2025 மார்ச்சில் 136-ஆம் பதிப்பிலேதான் தந்தது. கீற்றுக்கள் இடப்புறத்தே மேலிருந்து கீழாக நிற்க, அவ்வரிசையைச் சுருக்கிச் சிறு படங்களாக்கியும் வைக்கலாம். முதலிரண்டு நாள் கை பழைய இடத்திற்கே ஓடும், பின்னர் பழகிவிடும்.

எஃப் 11 என்னும் விசையோ எல்லாப் பட்டைகளையும் ஒருசேர மறைத்துத் திரை முழுவதையும் பக்கத்திற்கே அளிக்கும். சுட்டியை மேல்விளிம்பிற்குக் கொண்டுசென்றால் பட்டைகள் இறங்கிவரும். நீண்ட கட்டுரை படிப்பார்க்கு மிகவும் ஏற்றது. ஆனால் கடவுச்சொல் எழுதவேண்டிய பக்கங்களில் இந்நிலையை விட்டு வெளிவந்தே எழுதுதல் வேண்டும். வங்கியின் பக்கம்போல் வேடமிட்டு வரும் பொய்ப்பக்கம், நிறத்தாலும் படத்தாலும் மெய்ப்பக்கத்தை ஒத்திருக்கும். வேறுபடுவது முகவரி ஒன்றே. பட்டைகள் மறைந்திருக்கும் வேளையில், பொய்ம்முகவரிப்பட்டை ஒன்றைப் பக்கத்திலேயே வரைந்து காட்டி ஏமாற்றுதலும் கூடும். கூகுள் குரோம் உலாவியே 2020-இல் முகவரியின் பெரும்பகுதியை மறைத்து ஆள்களப் பெயரை மட்டும் காட்டிச் சோதித்து, மறு ஆண்டில் அம்முயற்சியைக் கைவிட்டது. எத்துணைச் சிறு திரையாயினும் முகவரிப்பட்டையை யாம் தொடுவதில்லை.

மற்றொன்று, எமது தவறு. அன்று அம்மாணவர்க்கு உதவிய ஊக்கத்தில் அப்படிப்பறைப் பொறியில் வேற்றுப் பட்டைகளோடு உலாவியின் சொந்தப் பட்டைகளையும் பெரும்பாலும் மறைத்துவிட்டுச் சென்றோம். மறுநாட் காலையில் முதலாண்டு மாணவி ஒருவர், அச்சிடும் கட்டளை எங்கே என்று தேடி அரைமணி நேரத்தை இழந்து, எழுதுபணியை ஒப்படைக்கும் வேளையும் தவறினார். கண்ட்ரோலும் பி-யும் அழுத்தினால் அச்சாகும் என்பதை அறிந்த எமக்குப் பட்டியற்பட்டை வெறுஞ்சுமை. அறியாத அவருக்கு அதுவே படிக்கட்டு. அவருடைய ஆசிரியரிடம் யாமே சென்று நிகழ்ந்ததைக் கூறினோம். அதன்பின் பொதுப்பொறிகளில், யாரும் அழையாது வந்தவற்றை மட்டும் நீக்குகின்றோம். எம் விருப்பப்படியான அமைப்பை எமது சொந்தக் கணினியிலேயே வைத்துக்கொள்கின்றோம். இன்றைய பயர்பாக்ஸில் இத்தகைய மாற்றத்தைச் செய்துவிட்டு வழி தெரியாது திகைப்போர், அதே அமைப்புப் பக்கத்தின் அடியிலுள்ள, முன்னிருந்தவாறே மீட்கும் பொத்தானை அழுத்தலாம். பொத்தான்களெல்லாம் பழைய இடத்திற்கே வந்துசேரும்.