கோதுமை வயலும் பறந்த மண்ணும்

மண் என்றும் அழியாத சொத்து என்று அமெரிக்க அரசின் மண்ணியல் துறை 1909-இல் அறிக்கை எழுதிற்று. கால் நூற்றாண்டு கழிந்தது; அச்சொத்து காற்றில் பறந்தது!

கான்சாஸ், ஓக்லஹோமா, டெக்சாஸ் சமவெளிகளின் மண்ணைப் புல்லின் வேர்களே கட்டிக் காத்தன. முதல் உலகப் போரில் கோதுமை விலை ஏறவே, புல்வெளிகள் உழப்பட்டன. பின்னர் டிராக்டர்களும் சேர்ந்துகொண்டன. மேல்மண்ணைப் பொடியாக்கினால் ஈரம் தங்கும் என்பது அக்காலப் பாடம். 1931-இல் மழை பொய்த்தது. பொடி மண்ணைப் பிடித்துவைக்க வேரில்லை. 1935 ஏப்ரல் 14 அன்று புழுதிப் புயலால் பகலே இருண்டது. வறட்சிதான் காரணம் என்பாரும் உளர். ஆயின் முந்திய வறட்சிகளைப் புல் போர்த்திய நிலம் பெரும்பாலும் தாங்கிற்றே!

1928-லேயே எச்சரித்த ஹியூ பென்னட்டின் தலைமையில் 1935-இல் மண் பாதுகாப்புத் துறை அமைந்தது. சரிவுக்குக் குறுக்கே உழுதல், காற்றைத் தடுக்க மரவரிசை எனப் பல முறைகள் பரவின. என்னைக் கவர்ந்தது ஒன்று. அறுவடைக்குப்பின் தாளை வயலிலேயே விட்டு, மண்ணுக்கடியில் அகன்ற கத்தியைச் செலுத்திக் களையின் வேரை மட்டும் அறுப்பது. தாள் காற்றைத் தணிக்கும், ஈரத்தையும் காக்கும். துப்புரவாக உழுத வயலே உழவனுக்குப் பெருமை (எங்கள் வீட்டிலும் அப்படியே). அங்கும் இதனைக் 'குப்பை வேளாண்மை' என்று எள்ளினர்.