‘கல்கத்தா இருட்டறை மாதிரி!’

கேள்வி: லண்டனிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர், நெரிசலான லிஃப்டிலிருந்து வெளியே வந்ததும் ‘லைக் த பிளாக் ஹோல் ஆஃப் கல்கத்தா’ என்று சொல்லிச் சிரித்தார். ஊரைத் திட்டினாரா, விண்வெளியைச் சொன்னாரா? இதை நானும் பயன்படுத்தலாமா?
– ஒரு வாசகி, லேக் மார்க்கெட், கொல்கத்தா

பதில்: விண்வெளிக்கு இதில் வேலையில்லை. திட்டியதாகவும் கொள்ள வேண்டாம். இடநெருக்கடியைப் பற்றிய அலுப்பு அது. நாம் ‘எள் விழ இடமில்லை’ என்பது கூட்டத்தை மட்டும் சொல்கிறது. இந்த உவமையில் கூட்டத்தோடு புழுக்கமும் மூச்சுமுட்டலும் சேர்ந்தே வரும். ஆகவே அடைத்த இடத்துக்குத்தான் பொருந்தும். ஏசி நின்றுபோன மெட்ரோ பெட்டிக்குச் சொல்லலாம். ஆற்றுக்காற்று வீசும் ஹவுரா பாலத்தில் எவ்வளவு நெரிசல் இருந்தாலும் சொல்ல முடியாது.

உவமை பிறந்த இடம் உங்கள் ஊர் ஜி.பி.ஓ. பக்கம். பழைய வில்லியம் கோட்டை அங்கேதான் இருந்தது. 1756 ஜூன் 20 அன்று நவாப் சிராஜ்-உத்-தௌலாவின் படை அதைப் பிடித்தது. பிடிபட்டவர்களை அன்றிரவு கோட்டைக் காவலறையில் அடைத்தார்கள். குடித்துவிட்டு ரகளை செய்யும் சிப்பாய்களை அடைக்க ஆங்கிலேயர்களே வைத்திருந்த அறை அது. ‘பிளாக் ஹோல்’ என்பதும் அவர்கள் வைத்த பெயர்தான். கவர்னர் கப்பலேறி ஓடிவிட, கோட்டைக்குப் பொறுப்பேற்றிருந்த ஹால்வெல், 146 பேர் உள்ளே போய் 23 பேரே உயிரோடு வந்ததாக எழுதினார். அறையோ ஏறத்தாழ 18 அடிக்கு 14 அடி. வகுத்துப் பாருங்கள், ஆளுக்கு இரண்டு சதுர அடிகூடத் தேறாது!

இந்தக் கணக்கை வங்காள வரலாற்றாசிரியர் அக்ஷய் குமார் மைத்ரேய 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே சந்தேகித்தார். பின்னாளில் பிரிஜேன் குப்தா, அடைக்கப்பட்டவர்கள் சுமார் 64 பேர், பிழைத்தவர்கள் 21 பேர் என்று கணித்தார். சாவு நடந்தது உண்மை; எண்ணிக்கை ஊதப்பட்டது என்பதே என் எண்ணமும். ஆனால் பழமொழியாய்ப் பரவியது ஹால்வெல் கதைதான். கர்சன் பிரபு அதற்குப் பளிங்கில் நினைவுத்தூணே எழுப்பினார். அதை அகற்றச் சொல்லிப் போராட்டம் அறிவித்த சுபாஷ் சந்திர போஸ் 1940 ஜூலையில் கைதானார். தூண் அதே ஆண்டு செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்துக்குப் போனது, இன்றும் பார்க்கலாம்.

2001-இல் ஊர்ப் பெயர் கொல்கத்தா ஆனபோதும் உவமையில் ‘கல்கத்தா’ மாறவில்லை. பணம் போட்டால் திரும்பாத திட்டத்தை ‘பிளாக் ஹோல்’ என்பது வேறு, அது வானியல் வழி வந்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த வானியல் பெயருக்கே இயற்பியலாளர் ராபர்ட் டிக்கி கல்கத்தா அறையைத்தான் உதாரணம் காட்டினார் என்பார்கள்.

நீங்கள் பயன்படுத்தலாமா? பழைய பிரிட்டிஷ் நாவலில் கண்டால் புரிந்துகொள்ளுங்கள், அது போதும். பேச்சில் இது பழசாகிவிட்டது. கேட்பவர் வங்காளியானால் முகம் சுளிக்கவும் கூடும். லிஃப்டுக்கு ‘பேக்ட் லைக் சார்டீன்ஸ்’ என்பதே இன்றைய ஆங்கிலம். புழுக்கத்தையும் சொல்ல வேண்டுமானால் கூடவே ‘ஸ்டஃபி’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.