இரும்புக்காக ஒரு போர்

மாணவர்களே! திருப்புல்லாணியை அடுத்த சேதுக்கரையில் கரையேற்றி வைத்திருக்கும் நாட்டுப்படகு ஒன்றை உற்றுப் பாருங்கள். ஆணி அறைந்த இடங்களிலெல்லாம் செம்பழுப்பாகத் துரு வடிந்திருக்கும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் தன் ஆயுள் முழுதும் இந்தத் துருவோடுதான் மல்லுக்கட்டியது. நான் இயற்பியல் கற்பிப்பவன். நோய்க்கிருமிகளைப் பற்றி எழுதப் புகுந்து துருவில் தொடங்குவானேன் என்று கேட்பீர்கள். காரணம் உண்டு.

பூமியில் இரும்பு ஏராளம். ஆனால் துருவாகிவிட்ட இரும்பு நீரில் கரைவதே இல்லை எனலாம். நிறைய இருந்தும் எட்டாத பொருள் அது. மூன்று பக்கமும் கடலை வைத்துக்கொண்டு குடிநீருக்குக் குடத்தோடு நடக்கும் நம் ஊர்ப் பெண்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

நோய்க்கிருமியின் நிலையும் இதுவே. வளர்ந்த மனிதரின் உடலில் 3 முதல் 4 கிராம் இரும்பு உண்டு; ஓர் ஆணி செய்யலாம். ஆனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு சிவப்பணுக்களில் ஹீமோகுளோபினுக்குள் இருக்கிறது. மிச்சத்தில் பெரும்பகுதி ஃபெரிட்டின் என்னும் புரதக் கூட்டுக்குள் சேமிப்பாகக் கிடக்கிறது. இரத்த நீரில் பயணம் செய்யும் சிறிதளவையும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இறுகப் பற்றியிருக்கிறது. கண்ணீரிலும் தாய்ப்பாலிலும் லாக்டோஃபெரின் காவல் காக்கிறது.

இனி ஒரு கணக்கு. இரத்த நீரில் தனித்துத் திரியும் இரும்பின் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 10⁻²⁴ மோல் என்று கணித்திருக்கிறார்கள். அவகாட்ரோ எண்ணால் பெருக்குங்கள். 0.6 வருகிறது அல்லவா? லிட்டருக்கு ஓர் அணுகூட இல்லை! உடலின் 5 லிட்டர் இரத்தத்துக்கும் சேர்த்து மூன்றே அணுக்கள். ஒரு பாக்டீரியமோ இரண்டாகப் பிரிய சில லட்சம் இரும்பணுக்கள் வேண்டும். (மூன்று அணுக்களை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை, சமநிலைக் கணக்கில் கிடைத்த விடை இது. எனினும் பஞ்சத்தின் அளவு புரிகிறது.)

பூட்டியிருந்தால் திருட வேண்டியதுதானே! பல பாக்டீரியாக்கள் சிடெரோஃபோர் எனப்படும் சிறு மூலக்கூறுகளைச் செய்து வெளியே அனுப்புகின்றன. கிரேக்க மொழியில் 'இரும்பு சுமப்பது' என்று பொருள். அவற்றுள் என்டரோபாக்டின் என்பதை 1970-இல் கண்டறிந்தனர். இரும்பை அது பற்றும் வலிமையைக் குறிக்கும் மாறிலி 10⁴⁹. டிரான்ஸ்ஃபெரினிடமிருந்தே பிடுங்கிக்கொள்ளும் வலிமை இது. இரும்பைப் பற்றியதும் அதைப் பாக்டீரியம் தன் சுவரிலுள்ள வாயில் வழியாக உள்ளே இழுத்துக்கொள்கிறது.

உடலும் சும்மா இருப்பதில்லை. வெள்ளணுக்கள் சிடெரோகாலின் என்ற புரதத்தைச் சுரந்து, வந்த என்டரோபாக்டினை இரும்போடு சேர்த்து அமுக்கிவிடுகின்றன. இது 2002-இல் தெரிந்தது. சால்மோனெல்லா என்ன செய்கிறது தெரியுமா? என்டரோபாக்டினில் குளுக்கோஸை ஒட்டி அனுப்புகிறது. உருவம் பருத்துவிடுவதால் சிடெரோகாலினின் பிடிக்குள் அது அடங்குவதில்லை!

இன்னும் சில கிருமிகளுக்கு இந்தச் சுற்றுவழியே தேவையில்லை. ஸ்டஃபைலோகாக்கஸ் சிவப்பணுவையே உடைத்து ஹீமோகுளோபினிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

காசநோய்க் கிருமியின் கருவிக்கு மைக்கோபாக்டின் என்று பெயர். அதன் ஒரு பகுதி சாலிசிலிக் அமிலம். 1956-இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் மருந்து ஆய்வு மையம், வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம் என்று உலகுக்குக் காட்டியது. அப்போது ஐசோநியாசிடுடன் கொடுத்த மருந்து பாரா-அமினோ-சாலிசிலிக் அமிலம். பெயர் ஒற்றுமையைக் கண்டு, இம்மருந்து மைக்கோபாக்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்றே பலர் நெடுங்காலம் எண்ணினர். பின்வந்த ஆய்வுகளோ, அது கிருமியின் ஃபோலேட் தயாரிப்பைக் கெடுக்கிறது என்று காட்டின. அழகான ஊகம் எல்லாம் உண்மையாகிவிடுவதில்லை.

உங்களில் சிலருக்கு இப்போது ஓர் ஐயம் எழும். பள்ளியில் வாரந்தோறும் தரும் நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறதே, அது கிருமிக்குத் தீனி ஆகாதா? கேட்க வேண்டிய கேள்விதான். சோமாலிய நாடோடிகளிடம் நடந்து 1978-இல் வெளியான ஆய்வில், இரும்பு பெற்றவர்களிடம் அடங்கிக் கிடந்த மலேரியா, காசநோய் முதலியவை அதிகமாகத் தலைதூக்கின. கடும் தொற்று உள்ளவருக்கு இரும்பை ஊசி வழியே ஏற்றுவதை மருத்துவர்கள் தள்ளிப்போடுவதும் இதனால்தான். ஆனால் நலமாக உள்ள மாணவர் மாத்திரையைத் தூக்கி எறியக் கூடாது. இரத்தசோகையே உடலின் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும்; குடல் உறிஞ்சும் இரும்பையும் டிரான்ஸ்ஃபெரின் உடனே பற்றிக்கொள்கிறது. தொற்று வந்தாலோ, கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரந்து குடலின் இரும்பு வாயிலைத் தானே அடைத்துவிடுகிறது. காய்ச்சல் நீடித்தால் மட்டும் மாத்திரையைத் தொடரலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள்.

கிருமியின் பசியையே அதற்கு எதிராகத் திருப்பவும் வழி கண்டிருக்கிறார்கள். 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற செஃபிடெரோகால் என்ற மருந்து சிடெரோஃபோரைப் போல இரும்பைப் பற்றிக்கொண்டு மிதக்கிறது. பாக்டீரியம் அதை இரும்புச் சுமை என்று எண்ணித் தன் வாயிலைத் திறந்து, தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது.