கதிரேசன் ஏன் நகையை எடுத்தான்?

கேள்வி: நான் எழுதிவரும் நாவலின் நாயகன் கதிரேசன், அடகுக் கடையில் கணக்கு எழுதுபவன். பரம யோக்கியன். தங்கை கல்யாணச் செலவுக்காகக் கடையில் இருந்த நகையை எடுத்துவிடுகிறான். மாட்டிக்கொள்ளப் போகும் நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து மாமா வந்து பணத்தைக் கட்டிக் காப்பாற்றுகிறார். கதிரேசனின் உயரம், நிறம், படிப்பு, பிடித்த சாப்பாடு எல்லாவற்றையும் தனி நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஆனாலும் படித்தவர்கள், "ஆள் நம்பும்படி இல்லை, கதையை இழுத்துக் கட்டின மாதிரி இருக்கிறது" என்கிறார்கள். கோளாறு எங்கே?
— ஒரு வாசகி, கரூர்

பதில்: உங்களிடம் சொல்லப்பட்ட குறைகள் இரண்டும் ஒன்றுதான். ஆள் நம்பும்படி அமைந்துவிட்டால் கதையை யாரும் இழுத்துக் கட்ட வேண்டியிருக்காது.

இதற்கு ஜெயகாந்தனைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. 1966இல் ஆனந்த விகடனில் அவருடைய 'அக்கினிப் பிரவேசம்' வந்தது. மழை நாளில் ஓர் அந்நியனின் காரில் ஏறிக் கெட்டுப்போனதாக ஊர் சொல்லக்கூடிய ஒரு கல்லூரிப் பெண், வீட்டுக்கு வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொல்கிறாள். அம்மா முதலில் பதறுகிறாள், பிறகு விஷயத்தை வெளியே விடாமல் விழுங்கிக்கொண்டு, மகள் தலையில் தண்ணீரை ஊற்றி அவளை ஏற்றுக்கொள்கிறாள். கதை அங்கே முடிந்துவிடுகிறது. பின்னால் அவரே எழுதிய 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் மழை, கார், பெண் எல்லாம் அப்படியே இருக்க, அம்மா மட்டும் வேறு. இவள் கூச்சல் போட்டு அழுதுவிடுகிறாள். ஊருக்குத் தெரிகிறது, அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான், மாமாவின் தயவில் படிக்க வேண்டியதாகிறது. அந்தப் பெண் கங்காவின் மொத்த வாழ்க்கையும் அந்த ஒரு கூச்சலிலிருந்து புறப்படுகிறது. 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாவல் அது. ஒரு தாயால் தன்னை அடக்கிக்கொள்ள முடிந்ததா இல்லையா என்பதில்தான் ஒரு சிறுகதைக்கும் ஒரு நாவலுக்கும் உள்ள வேறுபாடு கிடக்கிறது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வாசியுங்கள். எழுதக் கற்றுக்கொள்கிற எல்லோரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்.

இப்போது கதிரேசனுக்கு வருவோம். உங்கள் நோட்டில் அவனுடைய உயரம் இருக்கிறது. அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும் பொய் இல்லை. யோக்கியன் ஒருவன் திருடும்போது அதற்குத் 'திருட்டு' என்று பெயர் வைக்க மாட்டான், 'கைமாத்து' என்பான். எடுத்த நகையின் எடையைக்கூட ஒரு துண்டுத் தாளில் குறித்துவைப்பான், வட்டியோடு திருப்பி வைக்கப்போவதாக நம்பிக்கொண்டு. எந்த நகையை எடுப்பான்? இதை நீங்கள் யோசிக்கவே இல்லை. நீங்கள் அனுப்பிய கைப்பிரதியில் அவன் கைக்கு வந்ததை எடுக்கிறான். கணக்கு எழுதுகிறவன் அப்படிச் செய்வானா? அடகுச் சீட்டில் 1 வருடம் 7 நாள் என்று கெடு போட்டிருக்கும். எந்த நகையை மீட்க ஆள் வரும், எது முழுகப் போகிறது என்று அவனுக்கு முதலாளியைவிட நன்றாகத் தெரியும். கெடு நெருங்கியும் வட்டிகூடக் கட்ட வராத ஒரு கிழவியின் நகையைத்தான் அவன் எடுப்பான். 'எப்படியும் முழுகப் போகிற நகைதானே' என்பான். இது அவனுடைய தொழிலறிவு, அவனுடைய யோக்கியதை, அவனுடைய பொய். மூன்றும் ஒரே செயலில் வந்துவிடுகின்றன. இதற்குப் பிறகு அவன் நிறம் என்ன என்று யாரும் கேட்கப் போவதில்லை.

கதையின் அடுத்த திருப்பமும் இதிலேயே இருக்கிறது. அந்தக் கிழவி கெடுவுக்குள் வந்து நிற்க வேண்டும், சுருக்குப்பையில் சீட்டும் பணமுமாக. தற்செயல்தானே என்று நீங்கள் தயங்கலாம். சிக்கலைக் கொண்டுவருகிற தற்செயலை வாசகர் மன்னித்துவிடுவார். சிக்கலைத் தீர்த்துவைக்கிற தற்செயலைத்தான் அவர் மன்னிப்பதில்லை. உங்கள் சிங்கப்பூர் மாமா மீது எனக்கு உள்ள புகார் அதுதான். கதிரேசன் செய்ய வேண்டிய வேலையை அவர் வந்து செய்துவிட்டுப் போகிறார். அவர் வேண்டும் என்றால் முன்பே வரட்டும். கல்யாணத்துக்கு அவர் கொடுக்க முன்வந்த பணத்தை, அப்பாவை என்றோ அவமானப்படுத்திய மனிதர் என்ற ரோஷத்தில் கதிரேசனே வேண்டாம் என்று சொல்லியிருக்கட்டும். நகையைத் தொடும் கை, அந்தப் பணத்தைத் தொட மறுத்த கை என்று தெரிந்தால், பிற்பாடு அவர் வாசலில் போய் அவன் நிற்பது எவ்வளவு பெரிய விஷயமாகிவிடுகிறது பாருங்கள்!

தங்கையையும் கவனியுங்கள். கைப்பிரதி முழுக்க அவள் அழுகிறாள், வேறு ஒன்றும் செய்யவில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்று அவள் ஒரு தடவை கேட்டாலே போதும், வீட்டுக்குள்ளேயே ஒரு காட்சி பிறந்துவிடும். அவன் என்ன பதில் சொல்வான் என்பதை அவனைத் தெரிந்த நீங்கள்தான் எழுத வேண்டும்.

அந்த நோட்டை மூடி வையுங்கள். கிழவி சீட்டை நீட்டுகிறாள், முதலாளி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், கதிரேசன் ஏதாவது சொல்லியாக வேண்டும். "நாளைக்கு வாங்க பாட்டி" என்கிறானா, பெட்டகத்தைத் திறந்து தேடுவதுபோல் நடிக்கிறானா, முதலாளி முகத்தைப் பார்க்கிறானா? முதலில் இந்தக் காட்சியை எழுதுங்கள், முதல் அத்தியாயத்தைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.